மார்கழிப் பனியும் பழைய சைக்கிளும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வடசென்னை வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பாதி சைக்கிளைப் பற்றித்தான். ஏறக்குறைய எல்லாமே கைமாறி வந்த வண்டிகள், எல்லாமே விடியற்காலைப் பயணங்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

காலை நாலரைக்குப் பால் பாக்கெட் போடக் கிளம்புகிறேன். திருவொற்றியூர் வரை போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். ஸ்வெட்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் தொப்பலாக வேர்க்கிறது. கழற்றினால் நெஞ்சு ஜில்லிட்டுப் போகிறது. வீட்டுக்கு வீடு நின்று நின்று போவதால் நடுக்கம் இன்னும் ஜாஸ்தி. சட்டைக்குள்ளே நியூஸ் பேப்பர் வைத்துக்கோ என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். கிண்டலா, நிஜமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

நிஜம்தான். அதற்கு முன்னால் ஒரு விஷயம். குளியலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறையத் தொடங்கும். மார்கழி, தை விடியலில் சென்னை 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. இந்த ஊரில் இதுவரை பதிவானதில் மிகக் குறைந்ததே 13.9 டிகிரிதான். ஊட்டிக்காரர் இதையெல்லாம் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனாலும் நீங்கள் நடுங்குவது பொய்யில்லை. புறங்கையை ஈரமாக்கி ஒருமுறை ஊதுங்கள், துடைத்துக் காயவைத்து இன்னொருமுறை ஊதுங்கள். சைக்கிளில் குளிரை உண்டாக்குவது ஈரமும் காற்றும்தான். தெர்மாமீட்டருக்கு அதில் கொஞ்சம்தான் பங்கு.

காற்று அசையாத நாளில்கூட, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அதே வேகக் காற்று உங்கள் நெஞ்சில் மோதும். போதாததற்கு இந்த மாதங்களில் வீசுவது வாடை, வடக்கிலிருந்து வருவது. அந்த வகையில் உங்கள் பாதை நல்ல பாதை. உடம்பு காய்ந்திருக்கும்போது வடக்கே எதிர்க்காற்றில் போகிறீர்கள், வேர்த்தபின் முதுகில் காற்று வாங்கித் திரும்புகிறீர்கள். எண்ணூரிலிருந்து ராயபுரம் வந்து திரும்புகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் திரும்பும்போது மாற்றிக்கொள்ள ஒரு பனியனைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உடை. மிதிக்கிறவர் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் உடம்புச் சூடாக வெளியேறுகிறது. அதனால்தான் பத்தாவது நிமிஷம் ஸ்வெட்டர் பகையாகிறது. அடியில் நீங்கள் போடும் பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துக்கொண்டு விடவே விடாது. நின்றதும் ஈரத்துணியைப் போர்த்தியது போலாகிவிடும். பனியனுக்குப் பதில் ஃபுட்பால் ஜெர்சி போடுங்கள். வியாசர்பாடிப் பிள்ளைகள் மைதானத்தில் போடுகிற அந்த மெல்லிய பாலியஸ்டர் ஜெர்சிதான். அது நீரைப் பிடித்து வைக்காது, சீக்கிரம் காயும். உடம்பை ஒட்டியே இருக்கட்டும், தொளதொளவென்று வேண்டாம்.

அதற்கு மேலே, முன்பக்கம் மட்டும், பேப்பர். ஒரு தினசரியின் இரண்டு தாள், அதற்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு மடிப்பு மடித்து, கழுத்தெலும்பில் தொடங்கித் தொப்புள் வரை வருமாறு ஜெர்சிக்கும் சட்டைக்கும் நடுவில் செருகுங்கள். சட்டையை பேண்டுக்குள் விட்டுக்கொண்டால் நழுவாது. காற்று தாளைத் துளைக்காது; முதுகுப் பக்கம் திறந்திருப்பதால் வேர்வை ஆவியாகப் போய்விடும். ஸ்வெட்டர் செய்வது இதற்கு நேர் எதிர். பின்னலின் ஓட்டை வழியே முன்னால் காற்றை உள்ளே விட்டு, முதுகில் சூட்டைப் பிடித்து வைக்கும். தாள் நமநமவென்று ஈரமானால் உருவி எறிந்துவிடுங்கள். ஈரத்தாள் இருப்பதைவிட இல்லாதது மேல்.

நின்று நின்று போகிற வேலைக்கு இன்னொன்று. கடைசித் தெருவைத் தொடும் முன் கடைசி இருநூறு மீட்டரை மெதுவாக மிதியுங்கள். வேர்வை கொஞ்சம் அடங்கிவிடும். மூச்சு வாங்க வந்து படாரென்று நின்று, பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தால்தான் நடுக்கம் பிடிக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் கூடுதலாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

முழங்காலை மூடுங்கள். அங்கே தசை குறைவு, காற்றுப் பட்டால் விறைக்கும். லுங்கியோ அரைக்கால் சட்டையோ சரிப்படாது; டிராக் பேண்ட் போதும். வலது கணுக்காலில் அது செயினில் சிக்காமலிருக்க, பழைய ட்யூபை ஒரு அங்குல அகலத்துக்கு வெட்டினால் நல்ல ரப்பர் வளையம் கிடைக்கும். காதுக்கு மெல்லிய துணி ஒரு சுற்று. கனமான குரங்குக் குல்லா வேண்டாம், எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் வரும் கண்டெய்னர் லாரியின் சத்தம் உங்கள் காதுக்குக் கேட்டாக வேண்டும். மஃப்ளர் சுற்றினால் இரண்டு முனையையும் சட்டைக்குள் செருகிவிடுங்கள்.

பனியால் சளி பிடிக்கும் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஆனால் இழுப்பு உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும் என்பது உண்மை. அவர்கள் மூக்கையும் வாயையும் ஒரு கைக்குட்டையால் மூடிக்கொண்டு மிதிப்பது நல்லது.

பழைய 24 இஞ்ச் வண்டி ஒன்று வாங்கினேன். குளிரில் விரல் மரத்துப்போகிறது, முக்கியமாகச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும். கம்பளிக் கையுறை போட்டும் போகவில்லை. எந்தக் கையுறை வாங்கலாம்?
– வாசகர், வியாசர்பாடி

கையுறைக்குக் காசு செலவழிக்காதீர்கள். குளிரால் மரத்தால் ஐந்து விரலும் மரக்கும், நுனியில் தொடங்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடுகிற நரம்பு ஹேண்டிலில் நசுங்குகிறது. சென்னைக் குளிரில் வருகிற விரல் மரப்பு பெரும்பாலும் இதுதான். வண்டி உங்கள் அளவில் இல்லை.

முதலில் சீட்டின் மட்டம். நீளமான ஸ்கேலைச் சீட்டின் மேல் மூக்கிலிருந்து பின்முனை வரை வையுங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கும், அந்தப் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். சீட் கிளிப்பின் நட்டைத் தளர்த்தி மட்டமாக்கி, இரண்டு பக்க நட்டையும் சமமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் ஒரு வாரத்தில் மறுபடி சாயும்.

அடுத்து உயரம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தில் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கிக்கொள்ளும். சீட் பைப்பை எவ்வளவு தூக்கினாலும் இரண்டரை அங்குலம் பிரேமுக்குள் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பைப் வளையும், பிரேம் வாய் கிழியும். ஹேண்டில் சீட்டைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. ஒரு அங்குலம் மேலேயே இருக்கட்டும். உயர்த்த நடு போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, மேலே ஒரு மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். கட்டை இல்லாமல் நேராக அடித்தால் போல்ட் தலை நசுங்கும்.

இத்தனையும் செய்தும் கை நீட்டி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் பிரேம்தான் பெரிசு. குறுக்குக் கம்பிக்கு மேல் கால் விரித்து நில்லுங்கள். பாதம் தரையில் பதிந்திருக்க, கம்பிக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் 22 இஞ்ச் பிரேமுக்கு மாற்றிக்கொள்வதே வழி.

கம்பளிக் கையுறை வேறொரு தொந்தரவும் தரும். ரப்பர் கைப்பிடியில் வழுக்கும். கையுறை போட்டே ஆக வேண்டுமென்றால் ஹார்டுவேர் கடையில், மூட்டை தூக்குகிறவர்கள் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த நூல் கையுறை கிடைக்கும். அது போதும்.

தினமும் லேடீஸ் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மழை நின்ற பிறகும் உடை நனைந்துதான் போய்ச் சேருகிறேன். காலையில் பனி ஈரம் சீட்டில் ஏறி இடுப்பெல்லாம் குளிர்கிறது. ரெயின்கோட் போட்டால் உள்ளே வேர்த்து அதுவும் நனைகிறது.
– வாசகி, திருவொற்றியூர்

சகோதரி, உங்கள் சிக்கல் உடையில் இல்லை, சீட்டிலும் மட்கார்டிலும் இருக்கிறது. பழைய சைக்கிளின் சீட்டைக் கீழே குனிந்து பாருங்கள். மேலே ரெக்ஸின் தையல் பக்கம் ஒரு விரல் நீளம் கிழிந்திருக்கும். உள்ளே இருப்பது ஸ்பஞ்சு. ராத்திரிப் பனியையும் மழையையும் அது குடித்து வைத்திருக்கும். மேலே துடைத்தால் காய்ந்தது போலத் தெரியும், உட்கார்ந்ததும் பாரத்தில் பிழிந்து மேலே வரும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தண்ணீர் கொப்புளிக்கும். சீட்டைக் கழற்றித் தலைகீழாக இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு கிழிசலில் ட்யூப் பஞ்சர் சொல்யூஷன் தடவி, பழைய ட்யூப் துண்டை ஒட்டி, மேலே சீட் கவர் மாட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மறுநாளே உரிந்து வரும். இரவில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டி வைத்தால் சரி.

மழை நின்றபின் நனைப்பது சக்கரம் வாரி இறைக்கும் சாலைத் தண்ணீர். முன் மட்கார்டின் கீழ் முனையில் ரப்பர் தட்டு தொங்க வேண்டும், தரையிலிருந்து நாலு அங்குலம் மேலே வரை. லாரிக் கடைகளில் கிடைக்கும் மட்ஃப்ளாப் ரப்பரில் ஆறுக்கு எட்டு அங்குலம் வெட்டி, இரண்டு நட்டு போட்டு மாட்டினால் கால் நனைவது வெகுவாகக் குறையும். இந்த ஒரு வேலைக்கு ஈடாக எந்த ரெயின்கோட்டும் இல்லை.

கோட்டுக்குப் பதில் தலைவழியே போடுகிற, கீழே திறந்த போர்வை மாதிரி மழை அங்கி வாங்குங்கள். அடியிலிருந்து காற்று ஏறுவதால் வேர்க்காது. முன் முனையை ஹேண்டிலுக்கு மேல் விரித்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளலாம். பாலத்தின் மேல் பக்கக்காற்று அடித்தால் பாய் மாதிரி உப்பும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம். துப்பட்டாவை முன்னால் குறுக்காகக் கட்டி அங்கிக்குள் விடுங்கள். பின் சக்கரத்துக்கு வலைக் கார்டு இல்லையென்றால் உடனே போடுங்கள். ஷூவைப் பையில் வைத்து, செருப்போடு மிதித்துப் போய், அங்கே துடைத்து மாற்றுங்கள். நனைந்த சாக்ஸைவிட வெறுங்கால் கதகதப்பானது.

கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் நிற்கிற தண்ணீரில் இறங்க வேண்டாம். தண்ணீர் சக்கர அச்சுக்கு மேல் ஏறிவிட்டால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலும், இரண்டு பெடலையும் இணைக்கும் பெடல் அச்சிலும் இருக்கிற கிரீஸைக் கழுவிவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் பிரித்து, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸைத் துடைத்துப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 பால்ஸ், பெடல் அச்சில் பக்கத்துக்கு 11. எண்ணிப் போடச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் சில மாதத்தில் பால்ஸ் உருளும் கப்பில் பள்ளம் விழும்.

மழையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. பிரேக் கட்டை புதுசுதான்.
– வாசகர், கொருக்குப்பேட்டை

ரிம் இரும்பா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். எந்தக் கட்டை போட்டாலும் கொஞ்சம்தான் தேறும். நிற்க வேண்டிய இடத்துக்கு முப்பது மீட்டர் முன்னாலேயே லேசாகப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் கட்டை தண்ணீரை வழித்துவிடும், அதன்பின் பிடிக்கும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அலுமினிய ரிம் மாற்ற வசதியிருந்தால் மாற்றிவிடுங்கள், கியரைவிடப் பெரிய லாபம் அது.

மகள் டியூஷன் போக பழைய சைக்கிள் பார்க்கிறேன். ரத்தன் பஜாரில் புதுசு விலை கேட்டு வந்துவிட்டேன், கட்டுப்படியாகாது. பழையதில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ராத்திரி பல்பு வெளிச்சத்தில் துரு தெரியாது.

கடற்கரைப் பக்கத்து வண்டியைத் தின்பது உப்புக் காற்று. அது வெளியே தெரிகிற இடத்தில் தின்னாது. சீட் பைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அசையவே இல்லை, சுத்தியல் கேட்கிறது என்றால் உள்ளே துரு பிடித்து ஒட்டிக்கொண்டது. மகள் வளர்ந்தால் உயர்த்த முடியாது. வாங்காதீர்கள். பைப் வந்தால் உள்ளே செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து, பெடல் அச்சு இருக்கும் குழாய்க்குப் பின்னால், சக்கரத்துக்கு நெருக்கமாகப் போகும் இரண்டு குழாயையும் ஒரு ரூபாய்க் காசால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாக ஒலித்துத் துருப் பொருக்கு உதிர்ந்தால் உள்ளே உளுத்துவிட்டது. பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், எதை மறைக்க அடித்தார்கள் என்று பாருங்கள். ஹேண்டில் குழாய்க்குக் கீழே சாய்வுக் குழாயின் அடியில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். பக்கவாட்டுக் கோட்டம் 3, 4 மில்லிமீட்டர் இருந்தால் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடலாம். மேலும் கீழும் குதித்தால் ரிம் நசுங்கியது, அது மாற்றும் செலவு. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள்; ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்றால் கப் தளர்வு. ஓட்டிப் பார்க்கையில் ஒவ்வொரு மிதிச் சுற்றுக்கும் ஒருமுறை டொக்கென்றால் பெடல் தண்டை அச்சில் பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்தது, சின்னச் செலவு.

செயினுக்கு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் முடிந்தது. அதற்கும் மேல் என்றால் பின் சக்கரப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் வழுக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கடைசியாகப் பிரேம் எண். பெடல் குழாயின் அடியில் பொறித்திருக்கும். சுரண்டியிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். விற்பவரிடம் எண்ணைக் குறித்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வடசென்னை தட்டையான ஊர், ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கியரும் ஸ்பிரிங்கும் வேண்டாம். மட்கார்டு, செயின் கார்டு உள்ள சாதா வண்டி மேல்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் நிறைய இருக்கிறது.
– மாணவர், காசிமேடு

வேண்டாம் தம்பி. மார்கழியில் அது செயினிலும் உறையும், மண்ணைச் சேர்த்துப் பசையாகும். தையல் மெஷின் எண்ணெய் முதல் மழையிலேயே கழுவிப்போகும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆயில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, உள்பக்கமாக விட்டு, பெடலை இருபது சுற்று பின்னால் சுற்றி, வெளியே நிற்பதைத் துணியால் துடைத்துவிடு. காசிமேட்டுக் காற்றுக்கு வாரம் ஒருமுறை வேண்டும்.

மகன் ஜெர்மனியில் படிக்கிறான். பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறான். அங்கே மைனஸ் 5 டிகிரியாம். ஊரிலிருந்து ஒருவர் போகிறார், கனமாக ஒரு ஸ்வெட்டர் கொடுத்தனுப்பட்டுமா?
– வாசகி, ராயபுரம்

கனமானது ஒன்றைவிட மெல்லியது இரண்டு நல்லது அம்மா. மேலே காற்றுப் புகாத ஜாக்கெட்டை அங்கேயே வாங்கட்டும். நீங்கள் மெல்லிய கம்பளிக் குல்லா அனுப்புங்கள், ஹெல்மெட்டுக்குள் நுழைய வேண்டும். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடிதான் போட வேண்டும், ஷூ தளர்வாக இருக்க வேண்டும். இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் குளிரும்.

வண்டியைப் பற்றி அவனுக்கு இதைச் சொல்லுங்கள். இரவில் சூடான அறைக்குள் வைத்துக் காலையில் வெளியே எடுத்தால், உள்ளே வியர்த்த நீர் பிரேக் கேபிளிலும் ஃப்ரீவீலிலும் உறையும். ஃப்ரீவீல் உறைந்தால் பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. சூடு போடாத நிலவறையோ கொட்டகையோ நல்லது. உறைந்த பூட்டில் வெந்நீர் ஊற்றக் கூடாது, அதுவும் உறைந்து இன்னும் இறுகும். அறையில் 50 பவுண்டு அடித்த டயர் வெளியே ஐந்தரை பவுண்டு குறையும், வெளியே போய்ப் பார்த்து அடிக்கட்டும். பாலங்களின் மேல்தான் பனிக்கட்டி முதலில் பிடிக்கும், அங்கே பிரேக்கும் திருப்பமும் கூடாது. சாலையில் தூவும் உப்பை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். விளக்கும் ரிஃப்ளெக்டரும் அங்கே சட்டப்படி கட்டாயம்.

போகி அன்று காலையிலும் வேலை உண்டு. எதிரே ஒன்றும் தெரிவதில்லை. லைட் போட்டால் போதுமா?
– வாசகர், மணலி

போகிப் புகையும் பனியும் சேர்ந்தால் விமானமே தாமதமாகிற ஊர் இது. முன் விளக்கை நேராக அடித்தால் புகை வெள்ளைத் திரையாகிக் கண்ணைக் கூசும். ஏழு, எட்டு மீட்டர் தூரத்தில் தரையில் படுமாறு கீழே சாயுங்கள். டைனமோ விளக்கு நின்றால் அணைந்துவிடும், ஈர டயரில் வழுக்கவும் செய்யும். பின்னால் பேட்டரி போட்ட சிவப்பு விளக்கு தனியாக வேண்டும். கேரியர் பைக்குக் கீழே, லாரி ஓட்டுநர் கண்ணில் படும்படி கட்டுங்கள், பை அதை மறைக்கக் கூடாது. கண்டெய்னர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பக்கத்தில் நிற்காதீர்கள், ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். முடிந்தால் அன்று ஒருநாள் ஏழரைக்குக் கிளம்புங்கள்.